உட்பகைக்குப் பரீட்சையா? முதலில் பரீட்சிக்கிறவனுக்கு வையுங்கள்!

வெளியிலிருந்து வரும் பகைவனைப் பிடிக்கப் போலீசும் பட்டாளமும் இருப்பது போல, சர்க்கார் ஆபீசுக்கு உள்ளேயே உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டு கேடு செய்கிறவனைக் கண்டுபிடிப்பதற்கென்று தனியாக ஒரு உத்தியோகமும், அந்த உத்தியோகத்திற்கென்று ஒரு பரீட்சையும், அதில் தேறினவர்களுக்கு ஒரு யோக்கியதாபத்திரமும் அமெரிக்க தேசத்தில் ஏற்பட்டிருக்கின்றன. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டுமென்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் முதல் போட்டுத் தொழிற்சாலைகள் நடப்பதால், அங்கே இந்தப் பத்திரக்காரர்கள் அவசியம் வேண்டுமென்றும் அவர்கள் சொல்லுவார்கள். இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிட ஆசைப்படுகின்றோம்.

பரீட்சை என்றவுடன் நாம் ஆட்சேபிப்போம் என்று யாரும் எண்ணவேண்டியதில்லை. இன்னார் மகன், இன்ன குலம், இன்னாருடைய சிபாரிசு என்று பார்த்து உத்தியோகம் கொடுப்பதைவிட, தெரியுமா தெரியாதா என்று கேட்டுப் பார்த்துக் கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல். நாம் கேட்பதெல்லாம் மூன்று கேள்விகள்தான். அந்தப் பரீட்சையில் கேட்பது என்ன? முதலில் எழுத வேண்டியவர் யார்? அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எழுதும் அறிக்கையால் இன்னொருவன் பிழைப்பில் மண் விழுமானால், விழுந்தவனுக்கு என்ன பாதுகாப்பு?

அமெரிக்காவில் இது எப்படி வந்தது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2010-ல் மானிங் என்ற ஒரு சிப்பாய் லட்சக்கணக்கான இரகசியத் தஸ்தாவேஜுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 2011 அக்டோபரில், ஜனாதிபதி ஒபாமா ஒரு உத்தரவு போட்டு, உட்பகையைத் தடுக்க ஒவ்வொரு இலாகாவும் ஏற்பாடு செய்ய வேண்டுமென்றார். 2012-ல் அதற்குக் குறைந்தபட்ச விதிகளும் வந்தன. உத்தரவும் விதியும் வந்த பிறகு, 2013-ல் ஸ்னோடன் என்பவர் உலகத்தையே ஒட்டுக்கேட்கும் வேலையின் இரகசியங்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் கடற்படை ஆபீசில், இரகசியம் பார்க்க அனுமதிச் சீட்டு பெற்றிருந்த ஒரு ஒப்பந்த ஊழியன் 12 பேரைச் சுட்டுக் கொன்றான். இந்த வேலையில் இருப்பவர்களுக்கென்று அடிப்படை என்றும் ஆய்வு என்றும் இரண்டு படியாகப் பரீட்சையும் பத்திரமும் அந்த நாட்டு இராணுவ இலாகா ஏற்படுத்திற்று.

அபாயம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது நம் வாசலிலேயே நடந்திருக்கின்றது. 2014 அக்டோபர் 8-ந் தேதி விடியற்காலையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக் காவலர் குடியிருப்பில், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒரு தலைமைக் காவலர், சர்க்கார் கொடுத்த துப்பாக்கியால் தன் கூடவே வேலை பார்த்தவர்களில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார். இரண்டு பேர் காயமடைந்தார்கள். கல்பாக்கம் அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்தது. 2009 நவம்பரில் கர்நாடகத்துக் கைகா அணுமின் நிலையத்தில், தொழிலாளர்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் கதிர்வீச்சுள்ள கனநீரை யாரோ கலந்துவிட, ஐம்பது பேருக்கு மேல் அதைக் குடித்தார்கள். அது உள்ளே இருந்தவர் வேலைதான் என்று சர்க்கார் அதிகாரிகளே சொன்னார்கள். 1984 அக்டோபர் 31-ந் தேதி இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய மெய்க்காவலர்கள். இத்தனைக்குப் பிறகும் உட்பகை என்று ஒன்றில்லை என்று யார் சொல்ல முடியும்? குறளிலேயே அதற்கென்று தனி அதிகாரம் இருக்கின்றது.

ஆனால், மேலே சொன்ன எல்லோரையும் ஒருதரம் திரும்பிப் பாருங்கள். இவர்களில் பத்திரம் இல்லாதவன் யார்? எல்லோரும் விசாரித்து, சரிபார்த்து, முத்திரை குத்தி உள்ளே விடப்பட்டவர்களே. அமெரிக்காவில் ஹான்சன் என்பவர் எதிரி ஒற்றர்களைப் பிடிக்கும் இலாகாவிலேயே பெரிய உத்தியோகத்தில் இருந்துகொண்டு, 1979 முதல் 2001-ல் பிடிபடும் வரை, இடையிடையே நிறுத்தியும் தொடர்ந்தும், ருஷியாவுக்கு இரகசியம் விற்றார். உள்ளே இருக்கும் துரோகி யார் என்று ஆராயும் வேலை ஒரு சமயம் அவரிடமே கொடுக்கப்பட்டிருந்தது! திருடனையே பாராக்காரனாய் வைத்தது மட்டுமல்ல, திருடனைப் பிடிக்கும் கமிட்டிக்கும் அவனையே வைத்த கதை இது. அவர் கையில் இப்படிப்பட்ட பத்திரம் ஒன்றும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்திரம் பெற்ற துரோகியாக இருந்திருப்பார், அவ்வளவுதான்.

ஏம்ஸ் என்ற இன்னொருவர் கதை இன்னும் வேடிக்கையானது. அவர் ருஷியாவிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1986-லும் 1991-லும், பொய்யைக் கண்டுபிடிக்கும் யந்திரத்தில் உட்கார வைக்கப்பட்டார். இரண்டு தடவையும் தேறிவிட்டார். நம் நாட்டில் களவு போனால் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவனிடம் ஓடுவதையும், கொதிக்கிற எண்ணெயில் கை விடச் சொல்லுவதையும் மூடநம்பிக்கை என்று நாம் கண்டிக்கின்றோம். மைக்குப் பதில் கம்பியும், பூசாரிக்குப் பதில் சட்டைக்காரரும் வந்துவிட்டால் அது விஞ்ஞானமாகிவிடுமா? ஊழியர்களை மொத்தமாய்ச் சலித்தெடுக்க இந்த யந்திரத்தை நம்பக்கூடாது என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றமே 2003-ல் அறிக்கை கொடுத்திருக்கின்றது. நமது சுப்ரீம் கோர்ட்டும் 2010 மே மாதத்தில், ஒருவருடைய சம்மதமில்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று.

யந்திரம் வேண்டாம், கெட்டிக்கார அதிகாரியே பார்க்கட்டும் என்றால், அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்; சந்தைக்குப் போய்வருகிற யாரும் போடலாம். பதினாயிரம் பேர் வேலை செய்கிற இடம் ஒன்று. அதில் கெட்டவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரியின் சோதனை நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட சோதனை உலகத்தில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இருந்தாலும் தாராளமாகக் கொடுத்துவிடுவோம். பத்துக் கெட்டவர்களில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். மீதி 9,990 யோக்கியர்களில் நூற்றுக்குப் பத்து வீதம் 999 பேரும் பிடிபடுவார்கள். ஆக மொத்தம் 1,008 பேருடைய பெயர் அந்தப் புஸ்தகத்தில் ஏறும். அதாவது ஒரு கெட்டவனுக்கு 111 நல்லவர்கள் வீதம் சந்தேகத்துக்கு உள்ளாவார்கள். ஒரு கெட்டவன் தப்பியும் போய்விடுவான். கெட்டவர்கள் அபூர்வமாய் இருக்கிற இடத்தில் எவ்வளவு சமர்த்தன் சலித்தாலும் சல்லடையில் நிற்பது பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாதவனுக்கு எந்தப் பத்திரமும் கொடுக்கக் கூடாது என்பதே நமது முதல் நிபந்தனை.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1994-ல் நம் நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன், விண்வெளி இலாகாவின் இரகசியத்தை விற்றார் என்று திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். ஐம்பது நாள் சிறையில் இருந்தார். 1996-ல் மத்தியப் புலனாய்வு இலாகா இது பொய் வழக்கு என்று சொல்லிவிட்டது. மாலத்தீவுப் பெண்கள் இருவர் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். 2018 செப்டம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அந்தக் கைது தேவையற்றது என்று தீர்த்து 50 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லிற்று. இருபத்துநாலு வருஷம் கழித்து வந்த அந்த ரூபாய், ராக்கெட்டுக்கு யந்திரம் செய்துகொண்டிருந்த ஒரு மூளையின் நல்ல காலத்தைத் திருப்பிக் கொடுக்குமா? தேசத் துரோகியின் வீடு என்று ஊரார் காட்டிய விரலை மடக்குமா? பெரிய விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், ஒரகடத்து வாகனப் பரிசோதனை நிலையத்தில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கும் பையனுக்கு யார் இருபத்துநாலு வருஷம் வழக்கு நடத்துவார்கள்?

சந்தேகத்திற்கு ஒரு தலைமுறைக் குணம் உண்டு. அதாவது, அது எப்போதும் கீழே இருக்கிறவன் மேல்தான் முதலில் விழும். 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் நம் சென்னை மாகாணத்திற்கும் கொண்டுவந்தார்கள். ஒரு ஜாதியில் பிறந்ததாலேயே ஒருவன் குற்றவாளி. அவன் கைரேகை வைத்து, இரவில் போலீசுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். இதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ந் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் நின்றவர்களில் 16 பேர் போலீசுத் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்தச் சட்டம் சென்னையில் 1947-ல்தான் ஒழிந்தது. அன்றைக்கும் அதை நடத்தினவர்கள் பரீட்சை பாஸ் செய்தவர்கள்தான். அந்தக் காலத்திலேயே மிகக் கஷ்டமான பரீட்சை என்று பெயர் வாங்கிய பரீட்சை. படித்துத் தேறினதனால் அவர்களுக்குப் பிறப்பில் குற்றம் இல்லை என்கிற புத்தி வந்துவிட்டதா?

நம் பழைய அரசியல் சாஸ்திரமாகிய அர்த்த சாஸ்திரத்திலும் மந்திரிகளைச் சோதிக்கும் வழி சொல்லப்பட்டிருக்கின்றது. அதில் முதல் சோதனை என்ன தெரியுமா? வேதம் ஓத உரிமை இல்லாதவனுக்கு ஓதிவைக்கும்படி புரோகிதருக்கு அரசன் கட்டளையிட வேண்டும், அவர் மறுக்க வேண்டும், அரசன் அவரை நீக்கியதுபோல் நடிக்க வேண்டும், பிறகு "இந்த அதர்மியான அரசனைக் கவிழ்க்கலாமா?" என்று ஒவ்வொரு மந்திரியிடமும் இரகசியமாய்க் கேட்டு ஆழம் பார்க்க வேண்டும். உரிமையற்றவன் காதில் நாலு வார்த்தை சொல்லிக் கொடுப்பதே அரசனைக் கவிழ்க்கப் போதுமான காரணம் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அதன்மேல் கட்டிய பரீட்சை இது! பரீட்சை வைக்கிறவன் மனதில் எந்த அழுக்கு இருக்கிறதோ அதுவே கேள்வித்தாளிலும் இருக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

சுயராஜ்யம் வந்தபின் இது மாறிவிட்டது என்றும் சொல்லுவதற்கில்லை. 1949-ல் ரயில்வே ஊழியர்களுக்கு தேசப் பாதுகாப்பு விதிகள் என்று செய்து, பொதுவுடைமைக் கட்சியோடு சம்பந்தம் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு அது சரி என்றது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரை, அவர் முன்பு ஆர்.எஸ்.எஸ்.காரர் என்று போலீசு எழுதியதை வைத்து நீக்கினார்கள்; 1983-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அது செல்லாது என்றார். அந்த உபாத்தியாயருடைய கொள்கைக்கும் நமது கொள்கைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அந்தத் தீர்ப்பை நாம் வரவேற்கின்றோம். ஏனென்றால், கொள்கைக்காக அவர் சோற்றைப் பிடுங்குகிற கை நாளைக்கு நம் சோற்றையும் பிடுங்கும்.

அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, சர்க்கார் ஊழியர் எவரையும் விசாரிக்காமல் நீக்கக்கூடாது என்று சொல்லுகின்றது. ஆனால் அதே பிரிவில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். ராஜ்யப் பாதுகாப்புக்காக விசாரணை உசிதமல்ல என்று ஜனாதிபதியோ கவர்னரோ திருப்தியடைந்தால் விசாரணையே வேண்டியதில்லை. 2021 முதல் ஜம்மு காஷ்மீரத்தில் இந்தச் சந்து வழியாக எத்தனையோ ஊழியர்கள் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் உண்மையான குற்றவாளி இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். விசாரணை இல்லாத இடத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது எப்படி? அந்தத் திருப்தி எங்கிருந்து வருகிறது? கீழே ஒரு அதிகாரி எழுதிய காகிதத்திலிருந்து வருகிறது. அந்தக் காகிதம் எழுதுகிறவன்தான் இப்போது பத்திரம் வாங்கப் போகிறவன்!

தொழிற்சாலை வாசலில் தடி பிடித்து நிற்கிற காவலாளிக்குக்கூட 2005-ம் வருஷத்துத் தனியார் பாதுகாப்புச் சட்டம் பயிற்சி வேண்டுமென்கிறது. மத்திய சர்க்காரின் மாதிரி விதிப்படி நூறு மணி நேரம் பாடமும் அறுபது மணி நேரம் களப் பயிற்சியும். மழையிலும் வெய்யிலிலும் நின்று வண்டிக்கு விளக்குக் காட்டுகிறவனுக்கு 160 மணி நேரம்; ஒருவனுடைய வாழ்வை ஒரு வரியில் முடித்து எழுதுகிறவனுக்குச் சட்டம் கேட்கும் மணி எத்தனை?

இனி ஸ்ரீபெரும்புதூர் சங்கதிக்கு வருவோம். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பாதுகாப்பு என்று பேச ஆரம்பிக்கிறவர்கள் 1991 மே 21-ந் தேதியை நினைக்கிறார்கள். ராஜீவ் காந்தி கொலையில் பாதுகாப்பு எங்கே தவறிற்று என்று விசாரித்த வர்மா கமிஷன், மத்திய சர்க்கார், மாநிலப் போலீசு, கூட்டம் நடத்தியவர்கள் என்று பலருடைய தவறுகளையும் எடுத்துக்காட்டிற்று. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை என்பதே அதன் சாரம். சாதாரணக் கூலிக்காரன் மேல் ஒரு கண் போதவில்லை என்று அதில் யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரைக்கும் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் குளிர்பெட்டியும் செய்கிற சாலைகள் வரிசையாய் நிற்கின்றன. இங்கே உட்பகை என்ற சொல் வந்து இறங்கினால் யார் தலையில் இறங்கும்? 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரத்துச் செல்போன் சாலையில் வேலை செய்யும் பெண்கள் விடுதிச் சாப்பாட்டினால் நோய்ப்பட்டார்கள்; 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தங்கள் தோழிகள் கதி தெரியாமல் அந்தப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு, விடுதியும் சாப்பாட்டு அறையும் வேண்டிய தரத்தில் இல்லை என்று, அங்கே போன் செய்யக் கொடுக்கும் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பத்திரம் பெற்ற நமது உட்பகை நிபுணர் அன்று அங்கே இருந்திருந்தால் எதைக் குறித்திருப்பார்? அதிருப்தியுள்ளவர்கள், கூட்டம் கூடுகிறவர்கள் என்று அந்தப் பெண்கள் பெயரையா? அல்லது அடுப்பங்கரையையா? பகை அடுப்பங்கரையில் இருந்தது.

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானது, தாங்கள் வைத்த சங்கத்தைச் சங்கமென்று ஏற்கவேண்டும் என்பது. சங்கம் வைத்துப் பதிவு செய்துகொள்வது 1926-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமை. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவாயிற்று. சங்கம் வைக்கிறவன் உள்ளிருந்து பேசுகிறவன் என்பது உண்மை. ஆனால் பேசுகிறவன் பகைவனா? பகைவன் பேசமாட்டான், ஏம்ஸும் ஹான்சனும் ஒரு நாளாவது சங்கம் வைத்துக் கொடி பிடித்தார்களா? அவர்கள் நல்ல பிள்ளைகளாய், பதவி உயர்வு வாங்கிக்கொண்டு, மேலதிகாரிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். வாய் திறந்து குறை சொல்லுகிறவனை அடைத்துவிட்டால், வாய் திறக்காமல் கேடு செய்கிறவனுக்குத்தான் அது உபகாரம்.

கல்பாக்கத்துக் கொலையை மறுபடி எண்ணிப் பாருங்கள். கொலைக்கு நாம் சமாதானம் சொல்லவில்லை. துப்பாக்கி கையிலுள்ள ஒருவன் மனம் கொதித்துக் கிடப்பதை அவனோடு உண்டு உறங்கும் கூட்டாளி அறிவான். ஆனால் சொன்னால் தனக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம் என்று இருந்தால் அவன் ஏன் சொல்லப் போகிறான்? லீவு கேட்கவும், முடியவில்லை என்று சொல்லவும், வைத்தியரைப் பார்க்கவும் வெட்கமோ பயமோ இல்லாத இடத்தில் பாதி உட்பகை முளைக்கும்போதே வாடிவிடும். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்திலேயே இந்தப் படைக்குப் பெரிய பயிற்சி நிலையம் இருக்கின்றது. அங்கே ஒரு பாடம் கூடுதலாய் வைப்பதென்றால் இந்தப் பாடத்தை வைக்கட்டும்.

ஆகவே இந்தப் பத்திரம் வருமானால் அதற்கு நாம் சொல்லும் நிபந்தனைகள் இவை:

முதலாவது, பரீட்சை மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டும். இலாகாத் தலைவரும் காரியதரிசியும் எழுதித் தேறின பிறகே குமாஸ்தாவைச் சந்தேகிக்கும் உரிமை பிறக்க வேண்டும். பெரிய இரகசியம் பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது, கேள்வித்தாளில் சட்டமும், சாட்சியம் என்றால் என்ன என்பதும், மேலே சொன்ன கணக்கும் இருக்க வேண்டும். சாமுத்திரிகா லட்சணம் பார்ப்பதுபோல முகத்தையும் கண்ணையும் பார்த்துக் குணம் சொல்லுகிற வித்தை ஒன்றும் கூடாது.

மூன்றாவது, சந்தேகப் புஸ்தகத்தில் ஜாதி, மதம், சேரி, ஊர், சங்கம், கட்சி என்ற பத்தியே இருக்கக் கூடாது. செய்கை ஒன்றையே எழுத வேண்டும்.

நாலாவது, எவன்மேல் எழுதப்பட்டதோ அவனுக்கு அது காட்டப்பட்டு, பதில் சொல்ல இடம் கொடுக்கப்பட வேண்டும். ஒற்றனுடைய பெயரை மறைக்க வேண்டுமானால் மறைக்கட்டும். குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, பொய்யாய் எழுதினவனுடைய பத்திரம் கிழிக்கப்பட வேண்டும். நஷ்ட ஈட்டில் ஒரு பங்கு அவன் சம்பளத்திலிருந்தே போக வேண்டும். நம்பி நாராயணனுக்குக் கொடுத்த பணம் யாருடையது? உங்களுடையதும் எங்களுடையதுமான வரிப் பணம்.

இந்த ஐந்தும் இல்லாமல் வருகிற பத்திரம், பூணூல் போட்டவுடன் இரண்டாம் பிறப்பு என்று சொல்லுவதற்குச் சமானம். அதை மாட்டிக்கொண்டவனுக்குப் புத்தி ஏறாது; அதிகாரம் மட்டும் ஏறும். அவன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை நம் ஜனங்களுக்கு ஏறும். அந்த நம்பிக்கையைத்தான் நாம் எந்த உருவில் வந்தாலும் எதிர்க்கின்றோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தோழர்களே! உங்கள் பிள்ளைகள் படித்துவிட்டு அந்தச் சாலைகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைப்பற்றிப் போலீசு விசாரணைக்கு வருகிறவர் எந்தக் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். ஜாதியைக் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். சங்கத்தைக் கேட்டால் எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள். ஒருவனை உட்பகைவன் என்று சொல்லி வெளியே தள்ளினால், என்ன செய்தான், எப்போது செய்தான், யார் பார்த்தது என்று சங்கத்திலும் கிராம சபையிலும் எழுந்து நின்று கேளுங்கள். பதில் சொல்லக் கூடியவன் சொல்லட்டும். சொல்ல முடியாதவனுக்கு எத்தனை பத்திரம் இருந்தாலும் அவன் சொல்லை நம்பவேண்டிய கடமை நமக்கு இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.